நிறுத்தி வைத்த அப்டேட்டும் திறக்க முடியாமற்போன கோவைகளும்

2017 மே மாதம். முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. கிளிநொச்சி மாவட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய அலுவலகத்தில் நான் இருந்தேன். அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வீட்டின் முன் விறாந்தையை அடைத்து எடுத்த அறை. ஒரு மேசை, ஒரு பிறின்டர், வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகள் அனுப்பிய காசில் வாங்கிய பாவித்த டெஸ்க்டொப் கணினி. அந்தக் கணினிக்குள் ஆறு வருட வேலை இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்த அடையாள அட்டைகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டுகள், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து பெயர் வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

நான் கணினி திருத்தும் வேலை செய்பவன். அன்றைக்கு நினைவு நாளுக்கான படங்களைப் பெரிதாக்கி அச்சடிக்க உதவிக்குப் போயிருந்தேன். போன இடத்துக்கு ஒருவர் தன்னுடைய மடிக்கணினியையும் கொண்டு வந்தார். "தம்பி, சிவப்பாய் ஒரு விளம்பரம் வந்து நிக்குது, போகுதில்லை. இதை ஒருக்காப் பாருங்கோ" என்றார். நான் செய்தது என்ன தெரியுமா? அதற்குள் இருக்கும் அவருடைய கோவைகளைக் காப்பாற்றுவோம் என்று நினைத்து, ஒரு கேபிளால் அதை அலுவலகக் கணினியுடன் இணைத்தேன். சில நிமிடங்களில் அலுவலகக் கணினியிலும் அதே சிவப்புப் பெட்டி வந்தது. 300 டொலர் கட்டச் சொல்லி, மூன்று நாளில் தொகை இரட்டிப்பாகும், ஏழு நாளில் எல்லாம் அழியும் என்று மணிக்கூடு ஓடியது. அந்தப் பெட்டியில் 28 மொழிகளைத் தெரிவுசெய்யலாம். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

ஒரு அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "என்ர பிள்ளையின்ர படம் எங்க?"

படம் அங்கேதான் இருந்தது. பெயரும் இருந்தது. ஆனால் திறக்க முடியாது.

அந்தக் கணினியில் 2014 இல் விண்டோஸ் 7 ஐப் போட்டுக் கொடுத்தவன் நான். டொங்கிளுக்குப் போடும் ரீலோட்டை அப்டேட் தின்றுவிடும் என்று அதை நிறுத்தி வைத்தவனும் நான்தான். அதனால் இந்தக் கட்டுரையை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் பலரின் வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படி ஒரு கணினி இன்றைக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் சிலவற்றை நானே செய்து கொடுத்திருப்பேன்.

ஓட்டையும் ஒட்டும்

சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப் போடுவது நமக்குத் தெரிந்த வேலை. கணினிக்கு வரும் பாதுகாப்பு அப்டேட்டும் அதுதான். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரே ஒட்டு என்ற பொருளில் வரும் 'பச்' என்ற சொல். விண்டோஸ் என்பது கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள். அதற்குள் எழுதியவர்களுக்கே தெரியாத பிழைகள் இருக்கும். சில பிழைகள் வெறும் தொல்லை. சில பிழைகள், தெரிந்தவன் வந்தால் கதவைத் தட்டாமலே உள்ளே வரக்கூடிய ஓட்டைகள். அப்படியான ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது மைக்ரோசொப்ட் அவற்றுக்கு ஒட்டுப் போட்டு அனுப்புகிறது.

முன்பு அது கண்டபடி, நினைத்த நேரத்தில் வந்தது. 2003 ஜனவரியில் 'ஸ்லாமர்' என்ற புழு உலக இணையத்தையே தடுமாற வைத்தது. அதற்கான ஒட்டு ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் 'பிளாஸ்டர்' வந்தது. அதற்கும் யூலையிலேயே ஒட்டு வந்திருந்தது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்கு எந்த அலுவலகமும் ஆயத்தமாக இருக்காது. இதைப் பார்த்துத்தான் 2003 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் ஒரு நாளைக் குறித்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணி. நம்முடைய நேரத்துக்கு அது செவ்வாய் இரவு 10.30. அங்கே குளிர்காலமானால் 11.30. ஆகவே நமக்கு அது புதன்கிழமை காலையில் கணினியைத் திறக்கும்போது காத்திருக்கும்.

செவ்வாய் என்பதற்கும் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகங்கள் வாரத்தைத் தொடங்கி மூச்சுவிடும். செவ்வாய் வந்தால், ஏதும் பிழைத்தாலும் சரிசெய்ய வார இறுதிக்கு முன் மூன்று நாட்கள் கையில் இருக்கும்.

இப்போது வரும் மாத அப்டேட் திரட்டாக வருகிறது. அதாவது இந்த மாத ஒட்டுக்குள் போன மாதத்தினுடையதும் அதற்கு முந்தினதும் அடங்கும். மூன்று மாதம் விட்டுவிட்டீர்கள் என்றால் மூன்றையும் தேடி ஓட வேண்டியதில்லை, கடைசியாக வந்த ஒன்றைப் போட்டால் போதும். "நான் கனகாலம் விட்டுட்டன், இனி என்ன செய்து என்ன" என்று என்னிடம் சொல்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. இன்றைக்குப் போட்டாலும் பிடித்துவிடலாம்.

ஒட்டு வந்த மறுநாள்தான் ஆபத்து கூடுகிறது

இந்த இடம் பலருக்கும் விளங்காதது. எனக்கும் 2017 வரை விளங்கவில்லை. ஒரு ஒட்டு வெளிவரும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் சேர்ந்தே வெளிவருகிறது. ஒட்டுப் போடுவதற்கு முந்திய கோவையையும் பிந்திய கோவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாறிய வரிதான் ஓட்டை இருந்த இடம். அதைக் கொண்டு, இன்னும் ஒட்டுப் போடாதவர்களைத் தாக்கலாம். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள், செவ்வாய் ஒட்டு நாள் என்றால் புதன் தாக்குதல் நாள் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த சிவப்புப் பெட்டியின் பெயர் 'வனாக்கிரை'. அது புகுந்த ஓட்டை, கணினிகள் ஒன்றுக்கொன்று கோவைகளைப் பகிரும் பகுதியில் இருந்தது. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமை அந்த ஓட்டையை அறிந்து, அதற்கு ஒரு திறப்பும் செய்து வைத்திருந்தது. அந்தத் திறப்பைத் திருடிய ஒரு குழு 2017 ஏப்ரல் 14 இல் அதை ஊரறிய வெளியிட்டது. மைக்ரோசொப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 செவ்வாய்க்கிழமை, ஒட்டை வெளியிட்டிருந்தது. வனாக்கிரை பரவத் தொடங்கியது மே 12. எண்ணிப் பார்த்தால் 59 நாட்கள். அந்த 59 நாட்களில் ஒரு நாள் நான் அந்தக் கணினியை இணையத்தில் போட்டு அப்டேட்டை ஓட விட்டிருந்தால் அது நுழைந்திருக்காது. விண்டோஸ் 7 க்கான அந்தப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தனியாக எடுத்தால் 40 எம்.பி. கூட வராது. ரீலோட் கணக்குப் பார்த்து நான் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாயின என்று பின்னர் கணக்கிட்டார்கள். முகப்புத்தகத்தில் அந்தச் செய்தியை நானும் பார்த்தேன். அது இலண்டன் ஆஸ்பத்திரிகளின் பிரச்சினை, நம்முடைய விறாந்தை அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் தேடி வரவில்லை. இப்படியான புழு எவரையும் தேடுவதில்லை, திறந்திருக்கும் கதவுக்குள்ளே போகும். யார் வீடு என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாக்குதலை அதே மே 12 ஆம் திகதி மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் பெருமளவுக்கு நிறுத்திவிட்டார். வனாக்கிரை ஒவ்வொரு கணினியிலும் ஓடத் தொடங்கும்போது விசித்திரமான ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டு, அந்த முகவரியை அவர் தன் பெயரில் பதிவுசெய்தார். முகவரி பதில் சொன்னால் வனாக்கிரை ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். அதாவது மே 12 இரவுக்குப் பிறகு இணையத்தில் இருந்த கணினிகளுக்கு ஒரு காவல் கிடைத்தது. எங்கள் கணினி இணையத்தில் இல்லை. காசை மிச்சம் பிடிக்க டொங்கிளைக் கழற்றி வைத்திருந்தோம். அந்த முகவரி பதில் சொல்லவில்லை. எல்லாம் பூட்டுப்பட்டது. "இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வராது" என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பென்ட்ரைவ் வரும், பக்கத்து மடிக்கணினி வரும், பிறின்டருக்காக இழுத்த கேபிள் வரும். அதுவே போதும்.

நாம் ஏன் நிறுத்தி வைக்கிறோம்

நம்முடைய ஆட்கள் அப்டேட்டை நிறுத்துவதற்குப் பின்னால் மூன்று, நான்கு காரணங்கள் உண்டு. எதையும் மடத்தனம் என்று தள்ள மாட்டேன்.

முதலாவது காசு. டேட்டாவுக்குக் காசு. அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். இரண்டாவது மின்சாரம். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் கணினி போய்விடும் என்ற பயம். 2022 இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் தரவிறக்கம் பாதியில் நின்றால் ஒன்றும் ஆகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். மீளத் தொடங்கும்போது "அணைக்க வேண்டாம்" என்று வரும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கவனம் வேண்டியது. மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். டெஸ்க்டொப் என்றால் யு.பி.எஸ். இருக்க வேண்டும், அல்லது மழை மின்னல் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கணினியில் இருக்கும் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியது அல்ல. அப்டேட் போட்டால் பிடிபடுவோம், கணினி பூட்டுப்பட்டுவிடும் என்ற பயம். நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: அக்டிவேற் செய்யாத விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டுதான் இருக்கும். மூலையில் ஒரு வரி நிற்கும், திரையின் படத்தை மாற்ற விடாது, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து 'கிராக்' என்று தரும் அந்தச் சிறு மென்பொருளில் இருக்கிறது. அதை ஓட்டுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று ஒருவன் சொன்னால் நாம் வேறு எந்த விடயத்திலும் சம்மதிப்போமா?

நான்காவது, அப்டேட் போட்டால் ஏதாவது பழுதாகும் என்ற அனுபவம். இது உண்மை. 2018 ஒக்டோபர் 2 ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 இன் பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்கள் அடைவில் இருந்த கோவைகளை அழித்துவிட்டது. 10,000 பேரில் ஒருவர் அளவில்தான் முறைப்பாடு வந்தது என்று நிறுவனம் சொன்னது. அந்த ஒருவராக இருந்தவருக்கு அந்தக் கணக்கு என்ன ஆறுதல்? சில நாட்களில் அதை நிறுத்தி, நவம்பர் 13 இல்தான் திரும்ப வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் வந்த மாத அப்டேட்டைப் போட்ட சில கணினிகள், குறிப்பிட்ட சில வகைப் பிறின்டர்களுக்கு அச்சடிக்கக் கொடுத்தவுடன் நீலத்திரையாகி விழுந்தன. அந்த மாதத்திலேயே திருத்தமும் வந்தது.

இந்த இரண்டு உதாரணங்களையும் பாருங்கள். இரண்டாவது மாதாந்தப் பாதுகாப்பு ஒட்டு. தொல்லை கொடுத்தது, சில நாட்களில் சரியானது, கோவை ஒன்றும் போகவில்லை. முதலாவது பாதுகாப்பு ஒட்டு அல்ல. புதிய வசதிகளைக் கொண்டுவந்த பெரிய அப்டேட். இரண்டும் ஒரே பெயரில், ஒரே பொத்தானில் வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாகவே வெறுக்கிறோம். நான் சொல்ல வந்ததே இதுதான். ஒட்டு வேறு, புது வசதி வேறு. ஒட்டை உடனே போடுங்கள். புது வசதியை வாசலில் நிறுத்தி வைத்துப் பேர் ஊர் விசாரியுங்கள்.

புது வசதி என்று வருபவை

விண்டோஸ் 11 க்கு வருடத்தில் ஒரு தடவை, பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில், பெரிய அப்டேட் வரும். 2025 இல் வந்ததற்கு 25எச்2 என்று பெயர். வந்த அன்றைக்கே அதைப் போட வேண்டிய அவசியம் வீட்டுக் கணினிக்கு இல்லை. பழைய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடங்கள் பாதுகாப்பு ஒட்டு கிடைக்கும். நான் இரண்டு, மூன்று மாதம் பொறுத்துத்தான் போடுவேன். மாதத்தின் நான்காவது வாரத்தில் 'பிரிவியூ' என்ற சொல்லுடன் ஓர் அப்டேட் தலை காட்டும். அது அடுத்த மாதம் வரப்போவதன் ஒத்திகை. பாதுகாப்பு ஒட்டு அல்ல. அதைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இப்போது புதிய வசதிகளையும் மாத ஒட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அனுப்புகிறார்கள். அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை. ஒரே அறையில் இரண்டு கணினி, இரண்டிலும் ஒரே அப்டேட், ஒன்றில் புது பட்டன் இருக்கும், மற்றதில் இருக்காது. இதைப் பார்த்துப் பயந்து ஒரு ஆசிரியர் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால், புதிய அப்டேட்டுகள் வந்த உடனேயே எனக்குத் தா என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது 'ஓஃப்' ஆக இருக்கட்டும். பாதுகாப்பு ஒட்டு அதற்காக வராமல் நிற்காது.

எல்லாப் புது வசதியும் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 மே மாதப் பெரிய அப்டேட்டில்தான், உச்சரிப்பின்படி தமிழில் தட்டச்சு செய்யும் விசைப்பலகை விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பாமினி எழுத்துருவில் எழுதி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, எழுத்துகள் எல்லாம் ஆங்கிலக் கந்தலாகக் கிடப்பதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தத் தாய்மாரின் அலுவலகத்தில் பாமினியில் எழுதிய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றும் வேலை முடியவில்லை.

ஆனால் 'ரீகோல்' போன்றதும் வரும். 2024 மே மாதம் அறிவித்தார்கள். கணினித் திரையில் நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ அதைச் சில வினாடிகளுக்கு ஒரு தடவை படம் பிடித்துச் சேமித்து வைக்கும். பிறகு நீங்கள் "போன கிழமை பார்த்த அந்தக் கடிதம்" என்று தேடினால் எடுத்துத் தரும். ஞாபகமறதிக்காரருக்கு நல்ல உதவிதான். ஆனால் வன்னியில் வாழ்பவன் அதை வேறு விதமாகப் பார்ப்பான். வீட்டுக்குப் புலனாய்வாளர் வந்து விபரம் கேட்டுப் போகும் ஊரில், யார் யாரோடு பேசினார்கள், எந்தச் சாட்சியின் வாக்குமூலத்தைத் திறந்தார்கள் என்பதைக் கணினியே படம் படமாக அடுக்கி வைத்தால், அந்தக் கணினி ஒருவர் கைக்குப் போகும் நாளில் என்ன ஆகும்?

பாதுகாப்பு ஆய்வாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். முதல் வடிவத்தில் அந்தச் சேமிப்பை, கணினிக்குள் நுழைந்த எவரும் எளிதாக வாசிக்கலாம் என்று காட்டினார்கள். மைக்ரோசொப்ட் வெளியீட்டைத் தள்ளிவைத்தது. 2025 ஏப்ரலில் திருத்திய வடிவத்தை வெளியிடத் தொடங்கியபோது, நாமாக இயக்கினால் மட்டுமே இயங்கும் என்றும், சேமிப்பு மறையாக்கம் செய்யப்படும் என்றும், திறக்க முகமோ கைரேகையோ கேட்கும் என்றும் மாற்றியிருந்தார்கள். தவிர, 'கோபைலட் பிளஸ்' என்று சொல்லி விற்கும் புதிய வகைக் கணினிகளில் மட்டுமே அது உண்டு. உங்கள் பழைய டெஸ்க்டொப்பில் வராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் புது மடிக்கணினி கொண்டுவந்தால், முதல் நாள் அமைக்கும்போது அது கேட்கும். சாட்சியங்கள், முறைப்பாடுகள் வைத்திருக்கும் கணினியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசதிக்குப் பயந்து பாதுகாப்பு ஒட்டையும் சேர்த்து நிறுத்தினால், பெட்டகத்தில் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக் கதவைத் திறந்து விட்டதாகப் போகும்.

காலம் முடிந்த கணினிகள்

ஒட்டு எல்லாக் காலமும் வராது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 உடன் நின்றது. விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14. அதன் பிறகு கணினி ஓடும். ஆனால் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அப்படியே கிடக்கும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கும் இது நடக்கும். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்குத் தனியான காப்புப் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சலை ஓட்டிய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஒட்டுகள் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நின்றுபோயிருந்தன. புதுப்பிக்கும் திட்டம் 2021 இலிருந்து இருந்தது, பணம் இல்லாமலும் முன்னைய நிர்வாகச் சபையின் சில முடிவுகளாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பானவர்கள் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு விறாந்தை அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் அதே கதை. பிறகு பார்ப்போம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இப்போது செய்யக்கூடியது இதுதான். வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒட்டை நீட்டிக்கும் ஒரு திட்டம் உண்டு. அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் இணைப்பு இருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லை. சம்மதம் இல்லையென்றால் 30 டொலர். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். விண்டோஸ் 11 க்கு மாறுவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். 2018 க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் இதில் தட்டுப்பட்டுவிடும். குறுக்கு வழியில் ஏற்றித் தருவோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்படியான கணினிக்கு நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். காசில்லை, ஒட்டு ஒழுங்காக வருகிறது, தமிழில் தட்டச்சும் செய்யலாம். கடிதம் எழுதவும், ஸ்கான் செய்யவும், இணையம் பார்க்கவும் அது தாராளம். பழக இரண்டு கிழமை எடுக்கும்.

டேட்டாவை மிச்சம் பிடிக்கும் வழிகள்

மைக்ரோசொப்ட் 'அப்டேட் கற்றலொக்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒட்டை ஒரு கோவையாக இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுபோய் இணையமே இல்லாத கணினிக்கும் போடலாம். கோவை பெரிதாக இருக்கும், ஆகவே வை-ஃபை உள்ள இடத்தில், உங்கள் கணினியின் பதிப்பு எண்ணைச் சரிபார்த்து இறக்குங்கள். அலுவலகத்தில் மூன்று, நான்கு கணினி இருந்தால் 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்பதைத் திறந்துவிடுங்கள். ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமே வாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் உள்ளூர் வலையமைப்பு என்பதை மட்டும் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் டேட்டாவில் ஊருக்கெல்லாம் தானம் நடக்கும். இரவு நேர டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் செவ்வாய் நடுச்சாமம் கடந்து கணினியை விட்டுவைத்தால் போதும்.

'மீட்டர்ட் கனெக்ஷன்' என்ற அமைப்பைப் பலர் போட்டு வைத்திருக்கிறார்கள், டொங்கிள் பாவிக்கும்போது நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் அதைப் போட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது. நாமாகப் போய் அழுத்த வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் நான் 2014 இல் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். நினைவு நாள், பரீட்சை, விண்ணப்ப முடிவுத் திகதி என்று முக்கியமான வேலை இருந்தால் அப்டேட்டை ஐந்து கிழமை வரை இடைநிறுத்தலாம், பிறகு அது தானாகத் தொடங்கும். அது நல்ல ஏற்பாடு. முற்றாக நிறுத்துவதற்கு இணையத்தில் பலர் சொல்லித் தரும் குறுக்கு வழிகளைத்தான் தொடக்கூடாது.

ஒட்டுப் போட்டுவிட்டோம் என்று காப்புப் பிரதியை விட்டுவிடவும் முடியாது. அந்த அலுவலகத்தில் இப்போது இரண்டு வெளி ஹாட் டிஸ்க் இருக்கின்றன. ஒன்று வேறொரு அம்மாவின் வீட்டு அலுமாரியில், கணினியில் செருகாமல். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டையும் மாற்றுகிறார்கள். செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கைக் கப்பம் கேட்கும் மென்பொருள் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டுக்கும் கடவுச்சொல் போட்டிருக்கிறோம். அந்தக் கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியும்.

2017 இல் பூட்டுப்பட்ட கோவைகளுக்கு நாங்கள் காசு கட்டவில்லை. நினைவு நாளுக்கு, சட்டகம் போட்டு வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களையே கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போய், சொப்பிங் பைகளைத் திரும்ப அவிழ்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் மீண்டும் ஸ்கான் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பெரும்பாலானவை கிடைத்தன. சில கிடைக்கவில்லை. மூலப் பிரதியை ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவர்கள் இருந்தார்கள். அந்த இடைவெளியில் இறந்துபோன தாய்மாரும் இருந்தார்கள், அவர்களுடைய பை எங்கே என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பூட்டுப்பட்ட பழைய ஹாட் டிஸ்க்கை நான் எறியவில்லை. என் கடை லாச்சிக்குள் கிடக்கிறது.

என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்ட அந்த அம்மாவிடம் மகனுடைய பாடசாலைக் காலப் படம் ஒன்று இருந்தது, சிறியது. அதைத் திரும்ப ஸ்கான் செய்தோம். இப்போது அந்த அலுவலகக் கணினிக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் காலையில் கணினியைத் திறந்து, அப்டேட் பக்கத்தைப் பார்த்து, எனக்கு வட்ஸ்அப்பில் குரலில் ஒரு செய்தி அனுப்புவார். "தம்பி, வந்திட்டுது. போடட்டே?"

நான் 'பிரிவியூ' என்று எழுதியிருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்றால், போடுங்கோ அம்மா என்பேன்.